நகக் கனம் கறுப்பு

முதலில் வந்தது தண்ணீர் ஊற்றுகிற சத்தம். குடத்திலிருந்து குண்டானுக்கு, அவசரமில்லாமல், கையை நன்றாகச் சாய்த்து ஊற்றுகிற சத்தம். அடுப்படியில் அஞ்சலாட்சிதான் ஊற்றுகிறாள் என்று கலிவரதன் நினைத்தான்; வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அஞ்சலாட்சி, அவன்தான் வேலைக்குப் போகுமுன் பின்பக்கம் கைகால் கழுவுகிறான் என்று நினைத்தாள்; இப்படி ஆளுக்கொரு மூலையில் ஒருவரையொருவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் நின்று, ஒரு கதவு கிரீச்சிட்டு, சின்னக் கால்கள் இரண்டு மண்தரையில் தப்புத்தப்பென்று ஓடிவந்து நின்று, ஒரு குழந்தை இருமியது. அரிவாள்மனையில் வெங்காயம் பாதியில் நின்றது. அந்த வீட்டில் குழந்தை இருமி மூன்று வருஷமாகியிருந்தது.

அஞ்சலாட்சி கூடத்துக்கு வந்தாள். கலிவரதன் ரிக்கார்டு பிளேயருக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

"யாரு அது?"

"தெரியல."

"பாட்டு வரலியா?"

"இதான் வருது" என்றான் அவன்.

அவள் வெங்காயக் கையை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். ஒரு பெண் என்னமோ சொன்னாள், கண்டிப்பும் கொஞ்சலும் பாதிப் பாதியாய். குழந்தை பதில் சொல்லிவிட்டு மறுபடி இருமியது. எந்த மொழி என்று தெரியவில்லை. ஆனால் பச்சைத் தண்ணீரில் விளையாடாதே என்று சொல்லியிருப்பாள் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை.

அந்தத் தட்டைக் கலிவரதன் போன ஞாயிற்றுக்கிழமைதான் எடுத்து வந்திருந்தான். தேங்காய்த்திட்டில் ஐஸ் கம்பெனியில் அவனுக்கு ராத்திரி வேலை. விடிந்து வெளியே வந்தால் உடம்பு முழுக்கக் குளிரும் காது முழுக்க மோட்டார் இரைச்சலுமாக இருக்கும். மற்ற நாட்களில் நேரே வீட்டுக்கு வந்து படுப்பவன், ஞாயிறு மட்டும் சண்டே மார்க்கெட்டுக்குப் போவான். பழைய ஜீன்ஸ் பேண்டுகளுக்கும் குக்கர் வாஷர் விற்கிறவனுக்கும் நடுவில் ஜப்பார் பாய் தார்ப்பாய் விரித்து, ஆப்பிள் பெட்டிகளில் ரிக்கார்டுகளை நிற்க வைத்திருப்பார். கலிவரதன் குத்தவைத்து உட்கார்ந்து விரல்நுனியால் ஒவ்வொன்றாக முன்னால் சாய்த்துக்கொண்டே போவான். தெரிந்த பாட்டு இருந்தால் தள்ளிவிடுவான். தெரிந்த பாட்டு எதுவும் அவனுக்கு ஆகாமல் போயிருந்தது. டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண மண்டபத்து வாசலில், எந்தப் பாட்டு வந்தாலும் அதற்குள் எங்காவது ஒரு மூலையில் பூவிழி உட்கார்ந்திருந்தாள். ஒரு பாட்டில் பல் விழுந்த வாயோடு, ஒரு பாட்டில் ஆண்டுவிழாவுக்குக் கட்டிய பச்சைப் பாவாடையோடு, ஒரு பாட்டில் அவன் முதுகில் ஏறிக்கொண்டு. ஒன்பது வயது வரைதான் இருந்தாள். அந்த ஒன்பது வயதுக்குள் ஊரிலுள்ள பாட்டையெல்லாம் தொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதனால் அவன் கேள்விப்படாத பாட்டாக, புரியாத மொழியாக, அவள் கால் படாத இடமாகப் பார்த்து எடுத்தான்.

உறையை அவன் நம்பமாட்டான். உறையும் தட்டும் ஜோடி மாறி வெகுகாலம் ஆகியிருக்கும். தட்டை வெளியே எடுத்து, விளிம்பு மட்டும் உள்ளங்கையில் படும்படி பிடித்து, வெயிலுக்குச் சாய்ப்பான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பார்த்துப் பார்த்து அவனாகக் கண்டுபிடித்தது: சத்தமான இடம் சொரசொரவென்று மினுங்கும், அமைதியான இடம் கறுத்துக் கிடக்கும், அதிகமாகக் கேட்கப்பட்ட இடம் சாம்பல் பூத்திருக்கும். முழுத் தட்டும் புதிதாக இருந்து ஒரே ஓர் இடம் மட்டும் சாம்பல் பூத்திருந்தால் அதை விடமாட்டான். யாரோ ஒருத்தர் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். எதற்கென்று அவனுக்குத் தெரியவேண்டாம். அந்த இடத்தில் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும்.

"என்னா கலி, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குற" என்பார் ஜப்பார் பாய். "பஜ்ஜி சொஜ்ஜி சொல்லட்டுமா?"

அன்றைக்குக் கையில் வந்த தட்டுக்கு உறை இல்லை. நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதம் பச்சையாக இருந்தது, அதில் ஓர் எழுத்துகூட இல்லை. ஒரு பக்கம் மட்டும்தான் வரி. மறுபக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. வெயிலுக்குச் சாய்த்தால் ஒரு கீறல் இல்லை, ஒரு சாம்பல் இல்லை. விளிம்பிலிருந்து முக்கால்வாசி தூரத்தில் நகக் கனத்துக்கு ஒரு கறுப்பு வளையம் ஓடியது. சரி, இரண்டு பாட்டு, நடுவில் இடைவெளி என்று கணக்குப் போட்டான்.

"பாய், இது என்னா பாட்டு?"

"ரிக்கார்டுக்கே தெரியாதுபோல, பேர் ஒட்டல பாரு. காரைக்கால்ல ஒரு வீட்ட இடிச்சப்ப மூட்டையா வந்துச்சி. புடிக்கலன்னா அடுத்த வாரம் கொண்டாந்து போடு, நான் எங்க ஓடிறப் போறேன்."

இதுவரை கேட்காத ஒன்று எப்படியிருக்கும் என்ற ஆசைக்கு அவன் அதை எடுத்து வந்தான்.

இருமலைக் கேட்டதற்கு மறுநாள் அதே இடத்தில் முள்ளை வைத்தபோது மழைபோல ஓர் இரைச்சல்தான் வந்தது. கேட்ட வரி சாம்பல் பூத்துவிட்டிருந்தது. ஒரு நூல் தள்ளி வைத்ததும் மறுபடி தண்ணீர், மறுபடி கதவு, மறுபடி குழந்தை. ஆனால் அது வேறொரு பொழுது. இன்றைக்கு அங்கே ஒரு ஆண் குரலும் ஒரு வண்டிச் சத்தமும் இருந்தன. போகப்போகத் தெரிந்துகொண்டார்கள்: ஒரு நாளைக்கு ஒரு வளையம், கால்மணி நேரம், அதன்பின் முள் அதே வளையத்தில் ஊமையாகச் சுற்றும், தள்ளினாலும் நகராது, கேட்டது திரும்ப வராது. ஒரு வாரம் கலிவரதன் காய்ச்சலில் கிடந்து தட்டைத் தொடவில்லை. எழுந்து வந்து போட்டபோது, அந்த அம்மா போன வாரம் பாதியில் விட்ட வார்த்தையின் மறுபாதி வந்தது. அப்போதுதான் புரிந்தது, இவன் முள்ளை வைத்தால்தான் அந்த வீட்டில் பொழுது நகரும் என்று.

குயவர்பாளையம் மூன்றாம் குறுக்குத் தெருவில் எதையும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. எதிர்வீட்டு இட்லிக்கடைத் தையல்நாயகி இருமலைக் கேட்டு மாவுக்கையோடு ஓடிவந்தவள், தட்டைப் பார்த்தாள், அஞ்சலாட்சியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் சுவரோரம் உட்கார்ந்து, கால்மணி நேரம் முடிந்ததும், "நாளைக்கு எத்தினி மணிக்கு?" என்றாள். அந்தத் தெருவில் பிறகு வந்த எல்லோரும் இதையேதான் கேட்டார்கள். எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை, எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள்.

சாயங்காலம் ஐந்தரை என்று ஆகிப்போனது. ஐந்து மணிக்கே குழாயடிச் சண்டைகள் முடித்துக்கொள்ளப்பட்டன, அடுப்புகள் தணிக்கப்பட்டன, டிவிகள் நிறுத்தப்பட்டன, டியூஷன் போகிற பிள்ளைகள் ஆறு மணிக்குத்தான் போனார்கள். கூடம் நிறைந்து, நடை நிறைந்து, ஜன்னல் நிறைந்து, செருப்புகள் தெருவில் பாதியை அடைத்தன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டுப் பென்ஷனில் இருந்த லூர்துநாதனை, தெரு முழுக்க லூர்து முசியே என்று கூப்பிடுகிறவரை, நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பிரெஞ்சு இல்ல. சைகோன் பாஷையும் இல்ல. அல்ஜேர்ல பேசறதும் இல்ல" என்றார்.

"அப்ப என்னா பாஷைதான் முசியே?"

"நான் போகாத ஊரு பாஷை."

குழந்தையை அவர்கள் ஓனா என்று கூப்பிட்டதால் அது ஓனா. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பெயர் தெரியாததால் ஓனா அம்மா, ஓனா அப்பா. ஓனா அப்பா இருட்டிய பிறகு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், "வரான் பாரு தொரை, பிள்ளைக்கு ஒடம்பு சரியில்ல, ஊர் சுத்திட்டு வரான்" என்று தையல்நாயகி தட்டைப் பார்த்துத் திட்டுவாள். அங்கே மழை பிடித்தால், இங்கே வெயில் கொளுத்தினாலும், கொடியில் துணி போட்டவர்கள் எழுந்து ஓடுவார்கள். ஓடிப்போய் வெயிலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். அங்கே ஆடு குட்டி போட்ட அன்றைக்கு இங்கே சீம்பால் கேட்டு ஒருத்தர் கிண்டல் செய்தார். இன்னொருவர் மூன்று பேரையும் ரேஷன் கார்டில் சேர்த்துவிட்டால் அரிசி வாங்கலாம் என்றார். ஓனா இருமினால் தூதுவளை குடு என்று ஒரு குரல், ஆடாதொடை குடு என்று இன்னொரு குரல், ரெண்டும் வேணாம் கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவு என்று மூன்றாவது குரல். பிளேயருக்குப் பக்கத்தில் ஒருநாள் யாரோ ஒரு பாட்டில் கஷாயம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், அது அங்கேயே இருந்தது, அதை எடுக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை.

அஞ்சலாட்சி மட்டும் எதுவும் சொல்லமாட்டாள். அடுப்படிக் கதவில் சாய்ந்து கேட்பாள். ஆனால் மூன்று வருஷமாக இரண்டே சீலையை மாற்றி மாற்றித் துவைத்துக் கட்டியவள், ஐந்தரை மணிக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். அதைக் கலிவரதன் பார்த்தான். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

வைகாசியில் ஆரம்பித்தது ஆவணி வந்தபோது, ஓனா ஓடுவது நின்றிருந்தது. முதலில் ஓடின கால்கள் நடந்தன, பிறகு நடந்த கால்கள் நாலடியில் நின்றன, பிறகு கால் சத்தமே இல்லாமல் பாயிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. இருமல் மட்டும் வளர்ந்தது. தெருவில் கிண்டல் குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கலிவரதன் தட்டை எடுத்து வாசலுக்கு வந்து வெயிலுக்குச் சாய்த்தான். சாம்பல் முக்கால்வாசி தூரம் வந்திருந்தது. அதற்கும் கறுப்பு வளையத்துக்கும் நடுவில் ஒரே ஒரு நூல்தான் மிச்சம்.

அப்போதுதான் அவன் அந்தக் கறுப்பை ஒழுங்காகப் பார்த்தான். இரண்டு பாட்டுக்கு நடுவில் விடுகிற இடைவெளியில் வரி அகலமாய்த் தாவிப் போகும். தெரியாத பிள்ளைகூடச் சொல்லிவிடும். இதில் வரி தாவவில்லை. நெருக்கமாக, பிசகாமல், சுற்றிச் சுற்றி ஓடிற்று. உள்ளே மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அதைத் தாண்டி உள்பக்கம் வரிகள் சொரசொரவென்று, தாறுமாறாக, பலபேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் எப்படியோ அப்படி மினுங்கின. ஆயிரம் தட்டு பார்த்த கண், சந்தையிலேயே பார்த்திருக்க வேண்டியது. புதுசு என்ற ஆசையில் கோட்டைவிட்டிருந்தது.

அன்றைக்கு மிச்சமிருந்த அந்த ஒரு நூலைப் போட்டான். ஓனா அம்மா துணியைத் தண்ணீரில் நனைத்தாள், பிழிந்தாள், சொட்டுச் சொட்டாகப் பாத்திரத்தில் விழுந்தது. குழந்தை எதையோ கேட்டது. அவள் பாடுவதற்காக மூச்சை இழுத்தாள். அங்கே வளையம் முடிந்தது.

மறுநாள் அவன் முள் ஒடிந்துவிட்டது என்றான். லூர்து முசியே டவுன் முழுக்க அலைந்து நாலாம் நாள் புது முள்ளோடு வந்து நின்றபோது வேறு வழியில்லாமல், அவரையும் தையல்நாயகியையும் வாசலுக்குக் கூட்டிப்போய்த் தட்டைச் சாய்த்துக் காட்டினான். தையல்நாயகி வெகுநேரம் பார்த்தாள்.

"போடலன்னா இது வராதில்ல?"

"வராதுக்கா."

"அப்ப போடாத தம்பி."

தெரு அதை ஏற்றுக்கொண்டது. கூட்டம் போடவில்லை, கை தூக்கச் சொல்லவில்லை, குழாயடியில் ஒரு வாய் இன்னொரு வாய்க்குச் சொல்லி, இரண்டு நாளில் எல்லோருக்கும் அது பழைய ஏற்பாடுபோல ஆகிவிட்டது. ஓனா இருக்கிறாள், மாமன் வீட்டுக்குப் போன பிள்ளைபோல எங்கேயோ இருக்கிறாள். தீபாவளிக்கு ஓனாவுக்கென்று ஒரு வீட்டில் கம்பி மத்தாப்பு எடுத்து வைத்தார்கள். பொங்கலுக்கு ஒரு வீட்டில், "ஓனாவுக்கு இப்ப எட்டு முடிஞ்சிருக்குமா?" என்று கேட்டதற்கு, "அதெப்பிடி முடியும்? அங்கதான் நாள் நகரலையே" என்று பதில் வந்தது, கேட்டவர்கள் நிம்மதியாகச் சிரித்தார்கள்.

கலிவரதனுக்கும் அது நிம்மதிதான். ஐஸ் கம்பெனியில் பாளம் பாளமாகத் தள்ளிக்கொண்டே, ஒரு குழந்தையை நான் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வான். இப்படி நிறுத்துவது அவனுக்கு முதல் தடவையும் அல்ல.

ஊர் அடங்கிக் கிடந்த வருஷத்தில், தெருமுனைகளில் தகரம் அடித்து மறித்திருந்த மாதத்தில், பூவிழியை ஆஸ்பத்திரியில் ஒரு பக்கமும், லேசான காய்ச்சல் இருந்த அஞ்சலாட்சியை ஒரு காலேஜ் ஹாஸ்டலில் இன்னொரு பக்கமும் வைத்திருந்தார்கள். ஒன்பதாம் தேதி சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் அவனுக்குத்தான் வந்தது. பத்தாம் தேதி காலை, இடுகாட்டில் தள்ளி நிற்கச் சொன்ன இடத்தில் தனியாக நின்றான். அஞ்சலாட்சிக்கு அவன் பதினொன்றாம் தேதிதான் சொன்னான். நடுவில் அவள் போன் செய்தபோதெல்லாம், இன்றைக்குக் கஞ்சி குடித்தாள், இன்றைக்குச் சிரித்தாள், உன்னைக் கேட்டாள் என்று சொன்னான். ஹாஸ்டலில் தனியாக இருப்பவளிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டதுதான்; பிறகு அதையே, அவளுக்கு நான் இரண்டு நாள் கூடக் கொடுத்தேன் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டான். இது அவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்றுதான் மூன்று வருஷமாக இருந்தான்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் வேலை முடிந்து வந்தபோது, அஞ்சலாட்சி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தட்டு அவள் மடியில் இருந்தது. விளிம்பு மட்டும் படும்படி சரியாகப் பிடித்திருந்தாள். அவன் பிளேயரிலிருந்து கழற்றி ஒளித்துவைத்திருந்த ரப்பர் பெல்ட் பக்கத்தில் கிடந்தது.

"மாட்டுங்க" என்றாள்.

"அஞ்சல..."

"மூச்ச இழுத்தா அந்தப் பொம்பள. பாடறதுக்கு. அதோட நிறுத்திட்டீங்க. ஆறு மாசமா இழுத்த மூச்ச விடாம உக்காந்திருக்கா."

"பிள்ள உசுரோட இருக்குதில்ல."

"யாருக்கு இருக்குது? ஒங்களுக்கு இருக்குது. தெருவுக்கு இருக்குது. அவளுக்கு என்னா இருக்குது? ஈரத்துணியப் போட்டா சூடு எறங்கிடும்னு கையில புடிச்சிக்கிட்டு இருக்கா."

அவன் சட்டையில் ஐஸ் உருகிய ஈரம் இருந்தது.

"நானும் அப்பிடித்தான் ரெண்டு நாள் உக்காந்திருந்தேன்" என்றாள்.

அவனுக்குக் காதுக்குள் மோட்டார் நின்றுபோனது போலிருந்தது.

"சர்டிபிகேட்டுல தேதி போட்டிருக்குதே. ஒம்பதுன்னு. எழுதுனவன் தப்பா எழுதிட்டான்னு ஒரு வருஷம் நெனச்சிக்கிட்டிருந்தேன். அப்புறம் நெனக்க முடியல."

"ஒனக்கு அங்க யாரும் இல்ல. தனியா இருந்த. நான் எப்பிடி..."

"பத்தாந்தேதி நான் என்னா பண்ணேன் தெரியுமா? என் துணிமூட்டையில அவ கவுனு ஒண்ணு கலந்து வந்திருந்துச்சி. பட்டன் விட்டுப்போயிருந்துச்சி. பக்கத்துப் பெட்டு அம்மாகிட்ட ஊசி நூலு வாங்கித் தச்சேன். எம் பொண்ணு இன்னைக்குக் கஞ்சி குடிச்சாளாம்னு அந்தம்மாகிட்ட சொல்லிச் சிரிச்சிக்கிட்டே தச்சேன்." அவள் குரல் உயரவில்லை. "நீங்க அவள அங்க மண்ணுக்குள்ள வைக்கிறப்ப நான் இங்க சிரிச்சிக்கிட்டிருந்தேன். அந்தச் சிரிப்ப எங்க கொண்டுபோய் வைக்கிறது, சொல்லுங்க."

கலிவரதன் கீழே உட்கார்ந்தான். மாட்டப் போன பெல்ட் இரண்டு தடவை நழுவியது. அவள் வாங்கி மாட்டினாள்.

தையல்நாயகி எதிர்வீட்டிலிருந்து பார்த்துவிட்டாள். தடுக்க வந்தவள்தான், அஞ்சலாட்சியின் முகத்தைப் பார்த்ததும் வாசற்படியிலேயே திரும்பி நின்று, "எல்லாரும் வாங்க" என்று தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள். காலை பத்து மணி. தலையில் எண்ணெயோடு வந்தவர்கள் எண்ணெயோடே உட்கார்ந்தார்கள், பாதிச் சவரத்தில் வந்தவர் பாதிச் சவரத்தோடு நின்றார். கலிவரதன் முள்ளைத் தூக்கினான், வைக்கவில்லை. அஞ்சலாட்சி அவன் மணிக்கட்டின் கீழ் தன் கையைக் கொடுத்து இறக்கினாள்.

இழுத்த மூச்சு பாட்டாக வந்தது. மூன்று வரிதான், சன்னமாக, தூங்கவைக்கிற பாட்டு. மூன்றாவது வரியில் அவளுக்கே தூக்கம் வந்துவிட்டதுபோல இழுத்து முடிந்தது. பிறகு முள் கறுப்பில் ஏறியது.

ஒன்றும் கேட்கவில்லை. குண்டானில் சொட்டுகிற தண்ணீர்கூட நின்றிருந்தது. ஆட்டுக்கழுத்து மணி இல்லை, வண்டி இல்லை, இருமல் இல்லை. இங்கே குழாயடியில் யாரோ சரியாக மூடாத குழாய் சொட்டுவது கேட்டது, இரண்டு தெரு தள்ளி ஒரு ஆட்டோ திரும்புவது கேட்டது, இத்தனை பேர் மூச்சு விடாமல் இருப்பது கேட்டது. தட்டு சுற்றியது, சுற்றியது, நகக் கனம்தான் அது, ஆனால் கூடத்தில் வெயில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நகர்ந்தது.

"ஓனா" என்றாள் அந்த அம்மா. பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற மாதிரி. பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க. பிறகு அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், கதவு திறந்தது, கால்கள் வந்தன, பல கால்கள், பல வாய்கள், ஓனா அப்பாவின் குரல் எல்லாவற்றுக்கும் அடியில் பாறை உருள்வதுபோல வந்தது, வந்துகொண்டேயிருக்கும்போது வளையம் முடிந்து முள் ஊமையாகச் சுற்றியது.

லூர்து முசியே எழுந்து நின்றிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தையல்நாயகி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனாள். அவள் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். கூடம் காலியானது. கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று கலிவரதன் நினைத்தான். போகட்டும் என்று விட்டுவிட்டான். அஞ்சலாட்சி அடுப்படிக்குப் போகவில்லை, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.

ஒரு மணிக்கு வாசலில் நிழல் தட்டியது. தையல்நாயகி ஒரு பெரிய குண்டான் நிறையக் கஞ்சியோடு நின்றாள். பின்னால் இன்னொருத்தி புளிச்சோற்றோடு, இன்னொருத்தி துவையலோடு, லூர்து முசியே துண்டில் சுற்றிய ரொட்டியோடு. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, அக்கம்பக்கம்தான் ஆக்கிக் கொண்டுவரவேண்டும். அந்தத் தெருவில் எந்தச் சாதி, எந்தச் சாமி என்றாலும் அது அப்படித்தான்.

"எங்க கொண்டுபோறதுன்னு தெரியல" என்றாள் தையல்நாயகி. "அந்த வீட்டுக்கு வழி தெரியல. சத்தம் இங்கதான் கேட்டுச்சி."

அஞ்சலாட்சி எழுந்து உட்கார்ந்தாள்.

தையல்நாயகி குண்டானைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டும் அதன் விளிம்பை விடவில்லை. "அன்னைக்கே கொண்டாந்திருக்கணும்டி. தகரம் அடிச்சி வச்சிருந்தாங்க. தகரத்துக்கு மேல எக்கிக் குடுத்திருந்தா ஆயிருக்கும். பயந்துட்டோம்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரும் பயந்துட்டோம்."

அப்போதுதான் அஞ்சலாட்சி அழுதாள். மூன்று வருஷத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து தோளில் தோள் சேர்த்துக்கொண்டார்கள். ஓனாவைச் சொல்லி ஆரம்பித்த அழுகை நடுவில் எங்கேயோ பூவிழியைச் சொல்லி அழுவதாக மாறிற்று, எந்த இடத்தில் மாறியது என்று அழுதவர்களுக்கே தெரியாது. வாசலில் ஆண்கள் கலிவரதனுக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு தையல்நாயகி கஞ்சியை ஊற்றிக் கையில் கொடுத்து, "குடி" என்றாள். அஞ்சலாட்சி குடித்தாள்.

ஐந்தரை மணிக்கு யாரும் வரவில்லை. தட்டில் இன்னும் வரிகள் மிச்சம் இருந்தன. ஆனால் துக்க வீட்டு வாசலில் நின்று ஒட்டுக்கேட்கிற பழக்கம் அந்தத் தெருவுக்கு இல்லை. அன்றைக்கு ஐஸ் கம்பெனிக்குக் கலிவரதன் போகவில்லை.

பின்பக்கக் குழாயடியில் அஞ்சலாட்சி பாத்திரங்களைக் குவித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது. யார் கல்யாணத்துக்கு யார் கொடுத்தது என்று அடியில் புள்ளிப் புள்ளியாக எழுத்து. கழுவிக் கொடுக்கக் கொடுக்க அவன் துடைத்து, பெயர் பார்த்து, வீடு வாரியாக அடுக்கினான். வெளிச்சம் இன்னும் இருந்தது.

"பத்தாந்தேதி" என்றாள் அவள், கையை நிறுத்தாமல். "சொல்லுங்க."

அவன் சொன்னான். எத்தனை மணிக்கு வண்டி வந்தது, எத்தனை பேர் இறங்கினார்கள், எங்கே நிற்கச் சொன்னார்கள். குழி ஆழமாகத்தான் வெட்டியிருந்தார்கள், ஓரத்தில் ஒரு வேப்பங்கன்று இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது.

"மூஞ்சப் பாத்தீங்களா?"

"காட்டல. கெஞ்சுனேன். ஒரு பையன் மட்டும் பிளாஸ்டிக் பையோட ஜிப்பக் கொஞ்சம் எறக்குனான். நெத்தி தெரிஞ்சுது. நெத்தியும் முடியும்."

"முடி எப்பிடி இருந்துச்சி?"

அவன் கையிலிருந்த தட்டத்தைத் துடைத்த இடத்தையே துடைத்தான்.

"ரெட்டைச் சடை போட்டிருந்துச்சி. யாரோ நர்ஸ் போட்டுவிட்டிருக்கணும். ரப்பர் பேண்டு. ஒண்ணு செகப்பு, ஒண்ணு நீலம்."

அஞ்சலாட்சியின் கை நின்றது. குழாய்த் தண்ணீர் தையல்நாயகியின் குண்டானில் நிறைந்து, வழிந்து, அவள் பாதத்தை நனைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழாயைத் திருகி மூடினாள், குண்டானைச் சாய்த்துக் கொட்டினாள், தேங்காய் நாரைச் சாம்பலில் தொட்டு, அடியில் பிடித்திருந்த கஞ்சியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.